லேக் மவுன்டனுக்கு ஒரு படகு

ரோவில் என்ற புறநகரில் நொயலின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பூச்சாடி கிடையாது. லமினேற்றிங் மெஷின்தான் இருக்கும். ஒரு பெரிய சாமான் களஞ்சியத்தில் இருபது வருடமாக இருப்புக்குப் பொறுப்பாக இருப்பவர் அவர். எந்தக் காரியத்தையும் எழுதி, நேரம் போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சூடாக்கி எடுத்தால்தான் அது ஒழுங்காக நடக்கும் என்று நம்புவார். மருமகள் நிஷானியின் கலியாணத்துக்கு அவர் போட்ட அட்டவணையில் "7.05: மாப்பிள்ளை சிரிப்பார்" என்று ஒரு வரி இருந்ததாக இன்றைக்கும் கதை உண்டு. நொயல் அதை மறுப்பார். "படம் எடுக்கிற நேரம் எண்டுதான் போட்டனான்" என்பார்.

அயலில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்து ஒவ்வொரு ஜனவரிக் கோடையிலும் ஒரு நாள் வெளியே போவது வழக்கம். பதினொரு வருடமும் ஜெல்ஸ் பார்க்குக்குத்தான் போனார்கள். அங்குள்ள வாத்துகளுக்கே இவர்களுடைய முகம் தெரியும். இந்த முறை புது இடம் வேண்டும் என்று பேச்சு வந்ததும் நொயல் எழுந்து, ஹோலில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். லேக் மவுன்டனில் ஒரு குளிர்காலத்தில் எடுத்தது. கண்ணுக்கெட்டிய வரை வெள்ளைப் பரப்பு. நடுவில் நொயல், இரண்டு கையையும் விரித்தபடி.

"உறைஞ்ச லேக்குக்கு மேல நிண்டனான். காலுக்குக் கீழ ஐஸ் வெடிக்கிற சத்தம் கேட்டது. பனி நேரம் எல்லாரும் போறவை. கோடையில அந்தத் தண்ணியைப் பாத்தவன் எங்கட ஆக்களில ஒருத்தனும் இல்லை. இந்த முறை நாங்கள் பாப்பம்."

பக்கத்து வீட்டுப் பாஸ்கர் திருச்சிக்காரர், கணினி வேலை. எதையும் எண்ணிக்கையில் கேட்டால்தான் அவருக்குத் திருப்தி. "அண்ணே, ஏரி எவ்வளவு பெருசு இருக்கும்?"

"ஜெல்ஸ் பார்க் குளம் மாதிரி மூண்டு மடங்கு."

நொயலின் இருபது வயது மகள் டிலக்சி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "டாட், ஜஸ்ட் கூகிள் இட்."

"கூகிள் அங்க போனதோ? நான் போனனான்."

அதோடு அந்த விசாரணை முடிந்தது. மன்னார் பேசாலையில் கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதரிடம் தண்ணீரைப் பற்றி யார் கேள்வி கேட்பது?

மூன்று கிழமைகள் திட்டம் வளர்ந்தது. காலை ஏழு மணிக்குக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள கார் தரிப்பிடத்தில் கூடுவது. 8.50க்கு, ஹீல்ஸ்வில் தாண்டியதும் வரும் மலை வளைவுகளுக்காக "வாந்தி நிறுத்தம்", பத்து நிமிடம். பதினொன்று முதல் ஒன்று வரை படகு. நொயலின் மனைவி மேரிறோஸின் தம்பி டெனிஸ், நாலு பேர் இருக்கக்கூடிய ரப்பர் படகு ஒன்றை இரண்டு துடுப்போடு வாங்கியிருந்தான். ஒரு குடும்பத்துக்கு இருபத்து நான்கு நிமிடம் என்று நொயல் பிரித்துக் கொடுத்தார். பாஸ்கரின் மனைவி கல்யாணி நீச்சல் தெரியாது என்றதால் அவள் பெயருக்குப் பக்கத்தில் சின்ன நட்சத்திரம் போட்டு, கீழே "நடுவில் இருத்தவும்" என்று எழுதினார்.

மேரிறோஸ் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கத்தாமல் கேள்வி கேட்பது அவளுடைய தொழில். "இஞ்சேருங்கோ, அந்த லேக்கின்ர பேர் என்ன?"

"லேக் மவுன்டன்."

"அது மலையின்ர பேரெல்லோ."

"மலைக்கு மேல லேக் இருக்கு. அதாலதான் அந்தப் பேர். பனி உருகினா அந்தத் தண்ணியெல்லாம் எங்க போகும்? யோசி."

மேரிறோஸ் யோசித்தாள். யோசித்துக்கொண்டே றோல்ஸுக்கு இறைச்சி வெட்டப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வேலை இடத்துச் சாப்பாட்டு நேரத்தில், படகுக்கு அனுமதிச் சீட்டு தேவையா என்று கேட்க நொயல் மலையிலுள்ள அலுவலகத்துக்குப் போன் செய்தார். அட்டவணையில் அதற்கென்று ஒரு சின்னப் பெட்டி இருந்தது, சரி போட வேண்டும். போனை எடுத்த பெண் மரியாதையாக, எந்த ஏரியில் படகு விடப் போகிறீர்கள் என்று கேட்டாள். உங்களுடைய ஏரியில்தான் என்றார் நொயல். எங்களிடம் ஏரி இல்லையே என்றாள் அவள்.

எப்போது வற்றியது என்று கேட்டார்.

அது வற்றவில்லை, இருந்ததே இல்லை என்று அவள் விளக்கினாள். முற்காலத்தில் நில அளவைத் துறையில் லேக் என்றொரு துரை இருந்தார். ஜோர்ஜ் லேக். மலைக்கு அவருடைய பெயரை வைத்துவிட்டார்கள்.

நொயல் அட்டவணையில் இருந்த அந்தப் பெட்டியைப் பார்த்தார். பிறகு, குளிர்காலத்தில் தான் அங்கே வந்ததாகவும், கட்டடத்துக்குக் கீழே, மரமே இல்லாத, பெரிய, தட்டையான ஓர் இடத்தைப் பார்த்ததாகவும் சொன்னார். ஒரு பக்கத்தில் மஞ்சள் கம்பம் இருந்ததா என்று கேட்டாள். இருந்தது. "அது எங்கள் கார் பார்க்" என்றாள்.

நன்றி சொல்லிப் போனை வைத்தார். அன்று பிற்பகல் களஞ்சியத்தில் ஒரு பலகைத் தட்டில் அடுக்கியிருந்த தக்காளி ரின்களை இரண்டு தரம் எண்ணினார். இரண்டு தரமும் வேறு வேறு தொகை வந்தது.

உண்மையைச் சொல்லுவதற்குப் பதிலாக அவர் ஏரியைக் கொஞ்சம் கொஞ்சமாக வற்ற வைக்கப் பார்த்தார். பின்னேரம் வட்ஸ்அப் குழுவில், "லேக்கில் தண்ணீர் மட்டம் குறைவு என்று அறிகிறேன்" என்று எழுதினார். எல்லோரும் கவலைப்படும் முகம் போட்டார்கள். ஒரு மணித்தியாலம் கழித்து, "மிகக் குறைவு" என்றார். பாஸ்கர், "எத்தனை மீட்டர் அண்ணே?" என்று கேட்டார். நொயல் தட்டினார், அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் போனது: "முழுவதுமாகக் குறைவு."

டெனிஸ் எழுதினான்: "பரவாயில்லை அத்தான். எங்கட போட்டுக்கு அரை அடி தண்ணி காணும்."

குசினிக்குள் வந்து மேரிறோஸிடம் சொன்னார். அவள் றோல்ஸ் சுற்றிக்கொண்டிருந்த கையோடு கதிரையில் அமர்ந்து, சத்தமே வராமல் சிரித்தாள். தோள் மட்டும் குலுங்கியது. நீண்ட நேரம் குலுங்கியது. கண்ணைத் துடைத்தபோது நெற்றியில் மா ஒட்டியது.

"சிரிக்கிற விஷயமில்லை மேரி. எய்ல்டன் லேக் பக்கம் மாத்துவமோ எண்டு பாத்தன். பாபகியூ இடம், சாப்பாட்டு நேரம், எல்லாம் குழம்பும்."

"மாத்த வேண்டாம். காலமை எல்லாருக்கும் முன்னால சொல்லிப் போட்டுப் போங்கோ."

"ஆரும் வரமாட்டினம்."

"எண்பது றோல்ஸ் இருக்கு. வருவினம்."

சனிக்கிழமை ஏழு மணிக்கு ஐந்து கார்களும் வந்து நின்றன. டெனிஸ் படகை வீட்டிலேயே காற்றடித்து, கார்க் கூரையில் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தான். நீல நிறம். தெருவில் நாய் கொண்டு போனவர்கள் நின்று பார்த்தார்கள். நொயல் எல்லோருக்கும் அட்டவணையைக் கொடுத்தார். லமினேற் செய்ததில் உள்ள கெடுதி, வெட்டித் திருத்த முடியாது. பதினொரு மணிக்கும் ஒரு மணிக்கும் இடையில் வெள்ளை நாடா ஒட்டியிருந்தார். எல்லோரும் முதல் வேலையாக அந்த நாடாவை உரித்தார்கள்.

"ஒரு சின்ன விளக்கம்" என்று தொடங்கிய நொயல், வேலையில் கணக்குத் தவறினால் மேலாளரிடம் சொல்வதுபோல, நேராக நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஏரி இல்லை. லேக் என்பது ஒரு மனிதர்.

கல்யாணி, "அப்போ அந்தப் படத்துல?" என்றாள்.

"கார் பார்க்."

"ஐஸ் வெடிச்ச சத்தம்?" இது பாஸ்கர்.

"சத்தம் கேட்டது உண்மை. என்ன சத்தமெண்டு இப்ப சொல்லேலாது."

முதலில் சிரித்தது டிலக்சி. அவள் குந்தியிருந்து சிரித்தாள். அதன்பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டெனிஸ் மட்டும் கூரையை அண்ணாந்து பார்த்தான். "அப்ப போட்?"

"அவிழ்க்க நேரமில்லை, ஏறு" என்றாள் மேரிறோஸ்.

மலைக்குப் போனார்கள். வாந்தி நிறுத்தத்தில் ஒருவரும் வாந்தி எடுக்கவில்லை; டெனிஸைத் தவிர, அதுவும் அடுத்த வளைவில். கீழே முப்பத்தைந்து பாகை வெயில் கொதித்தபோது, மேலே சுவெற்றர் தேடும் குளிர் காற்று. முன்னொரு காட்டுத்தீயில் எரிந்துபோன மரங்கள் வெள்ளி நிறத்தில் நிற்க, அவற்றின் அடியிலிருந்தே புதுக் கிளைகள் கிளம்பியிருந்தன. சின்ன மஞ்சள் பூக்கள் புல்லெல்லாம். படகைப் புல்லில் இறக்கினார்கள். பிள்ளைகள் ஏறித் துடுப்பால் காற்றை வலித்தார்கள். அவர்கள் இறங்கியதும் பாஸ்கர் சும்மா படுத்துப் பார்த்தவர், அப்படியே இரண்டு மணித்தியாலம் தூங்கிவிட்டார். மூன்று வருடமாக அவர் இப்படித் தூங்கிப் பார்க்கவில்லை என்று சொல்லிக் கல்யாணி எல்லோரையும் மெதுவாகப் பேசச் சொன்னாள்.

நொயலுக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் இடையில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை. மேரிறோஸோடு பாதையில் நடந்தார். ஒரு இடத்தில் நின்று, ஒன்றையும் எண்ணாமல், கீழே நீலமாகப் போகும் மலைகளைப் பார்த்தார். "வடிவாத்தான் இருக்கு" என்றார், யாரோ முறைப்பாடு சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல.

திரும்பி வந்தபோது, பக்கத்து மேசையில் ஜீலோங்கிலிருந்து வந்த வயதான வெள்ளைக்காரத் தம்பதி இருந்தார்கள். கிழவரின் மடியில் இரண்டு தூண்டில், காலடியில் புழுப் பெட்டி. அவர் நீலப் படகைப் பார்த்தார், நொயலைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. ஏரிக்கு எந்தப் பக்கத்தால் போவது என்று கேட்டார்.

நொயல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு அவருக்கு எதிரே இருந்தார். "சேர், இதைப் பற்றிப் பலருக்கும் தெரியாது" என்று ஆங்கிலத்தில் தொடங்கி, நில அளவைத் துரையின் கதையை ஆதியிலிருந்து சொன்னார். மலைகளுக்குப் பெயர் வைக்கும் முறை பற்றியும் சொந்தமாகக் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். வருவதற்கு முன் போன் செய்து விசாரித்திருந்தால் இந்தச் சிரமம் வந்திராது என்று அன்போடு எடுத்துச் சொன்னார்.

கேட்டுக்கொண்டிருந்த கிழவி மெதுவாகத் தலையைத் திருப்பித் தன் கணவரைப் பார்த்தாள். மேரிறோஸ் எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் அமர்ந்து, ஒரு தட்டு றோல்ஸை நீட்டினாள்.