கண்ணாடியை மறந்த அம்மா

“கையெழுத்துப் போடத் தெரியாத குடும்பத்துப் பிள்ளைக்கு மருந்துக் கடையில என்ன வேலை?” என்று பெரியப்பா கேட்டார். நாடு முழுக்கக் கிளைகள் உள்ள ஒரு மருந்தகத்தின் மட்டக்களப்புக் கிளையில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை, மாங்கேணியிலிருந்து ஓர் அம்மா மூட்டுவாதக் குளிசை வாங்க வந்தார். அதை வாரத்துக்கு ஒன்றுதான் போட வேண்டும்; தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. ‘திங்கட்கிழமை மட்டும் ஒன்று’ என்று பெட்டியில் என் அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்து, “விளங்கிச்சா அம்மா?” என்றேன்.

“ஓம் புள்ள.”

பில்லுக்குத் தொலைபேசி இலக்கம் கேட்டபோது போனை நீட்டினார். “கண்ணாடியை மறந்திட்டன். நம்பர் பின்னால ஒட்டிக் கிடக்கு, நீயே பாரு.”

மதியம் சோற்றுப் பார்சலைப் பிரிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. என் அம்மாவும் எங்கே போனாலும் கண்ணாடியை மறந்துவிட்டதாகத்தான் சொல்வார். அவரிடம் கண்ணாடி இருந்ததே இல்லை.

ஓடிப்போய் பில்லிலிருந்த இலக்கத்துக்கு அழைத்தேன்.

“வந்த உடனே ஒண்டு போட்டுட்டன் புள்ள. ராவைக்கு மற்றதைப் போடுவன்.”

“ஐயோ, வேணாம் அம்மா! இனி அடுத்த திங்கள்தான்.”

அவர் மெதுவாக, “அதையா புள்ள எழுதித் தந்த நீ?” என்றார்.

“ஓம் அம்மா. நான் வாயால சொல்லியிருக்கணும். பிழை என்னிலதான்.”

இப்போது நான் யாரிடமும் “விளங்கிச்சா?” என்று கேட்பதில்லை. “எப்படிப் போடுவீங்க, எனக்குச் சொல்லுங்க” என்கிறேன். போன ஞாயிறு, என் அம்மாவின் பிரஷர் குளிசைகளைப் பாயில் பரப்பி வைத்து, அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.