மூன்று தட்டு துக்கம், மேல் தட்டில் கேசரி

செய்தி வந்தபோது கோயில் மடைப்பள்ளியில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். மோதகத்துக்கு மா குழைத்துக்கொண்டிருந்த ராஜி, தேங்காய் துருவிக்கொண்டிருந்த யோகம் அன்ரி, பெரிய பாத்திரங்களை இறக்கித்தர வந்த என் கணவர் சிவா, சீனியை அளந்துகொண்டிருந்த நான். வேறு எவரும் இல்லை. போன் சிவாவுக்குத்தான் வந்தது. "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார். வைத்துவிட்டு எங்களைப் பார்க்காமல், "புவனா அக்கா போயிட்டாவாம். நித்திரையிலேயே. பாலன்தான் போன் எடுத்துச் சொன்னவன்" என்றார்.

யோகம் அன்ரி துருவலை நிறுத்தினார். ராஜி கையில் ஒட்டிய மாவோடு நின்றபடி, "இனி ஆர் சோறு கொண்டு வாறது?" என்று கேட்டாள். புவனா அக்காவை அறியாதவர்களுக்கு அது இரக்கமில்லாத கேள்வியாகப் படும். அறிந்த நாங்கள் நாலு பேரும் அதைக் கேட்டுத்தான் அழுதோம்.

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில், நார்த்மீட் என்ற புறநகரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் இருந்தார். கணவரைக் கொழும்பிலேயே இழந்தவர். பிள்ளைகள் இல்லை, அண்ணன் மகன் பாலன்தான் பிள்ளை. முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. தேர்தல் நாளில் மட்டும் அவருக்கு வேறு வேலை. சிவப்புக் கட்சியின் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு, வாக்குப் போடும் பள்ளிக்கூட வாசலில் நிற்பார். வாக்குச்சீட்டில் எந்தப் பெயருக்கு எத்தனையாம் இலக்கம் போடுவது என்று காட்டும் சீட்டை வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டுவார். பக்கத்திலேயே எதிர்க் கட்சியின் நீலச் சட்டையோடு என் கணவர் நிற்பார். உள்ளே மரத்தடியில் நாங்கள், கோயில் பெண்கள், பள்ளிக்கூட நிதிக்காக வடையும் ரோல்ஸும் விற்போம்.

அந்த வாசலில் இருவரும் பேசுவதைக் கேட்கவே சிலர் இரண்டாவது வடை வாங்குவார்கள்.

"தம்பி சிவா, உந்த நீலச் சட்டை உமக்கு வயித்தில இறுக்குது. எங்கட பக்கம் வாரும், பெரிய சைஸ் இருக்கு."

"உங்கட சிவப்பைப் பாத்துக் கார் எல்லாம் நிக்குது அக்கா. ட்ராஃபிக் லைட் எண்டு நினைக்கினம்."

"நிக்கட்டும், நிக்கட்டும். நிண்டால்தானே சீட்டுக் குடுக்கலாம்."

எங்கள் வீடு நீலமானதற்குக் காரணம் உண்டு. சிவப்பு ஆண்ட நாளில் வட்டி ஏறி, வீட்டை விற்றுவிடும் நிலைக்கு வந்து, முருகன் கிருபையால் தப்பினோம். கடைகளுக்குச் சாமான் ஏற்றும் இரண்டு வான்களை வைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தோம். புவனா அக்கா வந்த நாளிலிருந்தே சிவப்பு; பிறகு அதற்கு வலுவான காரணமாக வந்தவன் பாலன். அவனுக்குக் கிடைத்தது தற்காலிக விசா. மனைவியையும் மகளையும் கூப்பிட முடியாது. போய்ப் பார்த்தால் திரும்பி வர முடியாது. நீலம் போனால்தான் அவர்கள் வருவார்கள் என்று அவர் நம்பினார். இரண்டு காரணமும் நியாயம்தான். அதனால்தான் சண்டை பிடிக்க முடியாமல் சிரித்துக்கொண்டோம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பாலன் வருவதற்கு முன்பே, தொண்ணூற்றாறில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டு நீலம் வென்று ஆட்சி மாறியது. மறுநாள் ஞாயிறு. எங்கள் வீட்டுக்கு வருவதாக இருந்த விருந்தினர் வரவில்லை. அவித்த இடியப்பம் குவிந்து கிடந்தது. எதையும் எறிந்து பழக்கமில்லாதவள் நான். ஒரு தட்டில் அடுக்கிச் சம்பலும் வைத்துக்கொண்டு புவனா அக்கா வீட்டுக்கு நடந்தேன். வெயில் எறித்தது. பக்கத்து வீட்டுக்காரர் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா வீட்டில் மட்டும் எல்லாத் திரையும் இழுத்து மூடியிருந்தது. தட்டினேன். "ஆர்?" என்றது குரல், கதவுக்கு மிக அருகிலிருந்து.

"நான்தான் அக்கா, கமலி."

திறந்தார். குசினியில் அடுப்பு மூட்டவில்லை. நேற்று உடுத்த சேலை. என்ன வருத்தம் என்று கேட்டேன்.

"வருத்தமில்லை. ஆட்சி மாறிட்டுது. நான் அந்தச் சட்டையோட நிண்டதை எல்லாரும் கண்டவை."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கதிரையில் இருத்திச் சொன்னார். கொழும்பில் ஒரு தேர்தல் முடிந்து ஆட்சி மாறியபோது, திரையை மூடிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருந்தவராம். "அங்கை ஆட்சி மாறினால் தோத்தவன்ர வீட்டுக்குக் கல்லுத்தான் போகும் பிள்ளை. எங்கட தமிழ் வீடுகளுக்கு, ஆர் வெண்டாலும் தோத்தாலும் போகும். சோறு போனதை நான் காணேல்லை." வெளியே புல் வெட்டும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. நான் போய்த் திரையை விலக்கினேன். அவர் இடியப்பத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சாப்பிடத் தொடங்கினார்.

இனி இரண்டாயிரத்து ஏழுக்கு வருகிறேன். அந்த முறை நீலம் தோற்றது. சனி இரவே சிவா தொலைக்காட்சியை அணைத்துவிட்டார். ஞாயிறு காலை நான் தனியாகக் கோயிலுக்குப் போனேன். மண்டபத்தில் ஒரே கலகலப்பு. ராஜி என்னைக் கண்டதும், "என்ன கமலி அக்கா, உங்கட ஆக்கள் மூட்டை கட்டியாச்சோ?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பகிடிதான். ஆனால் முதல் நாள் முழுக்க வாசலில் நின்ற என் மனிசனை நினைத்து எனக்குச் சுருக்கென்றது. அர்ச்சனைத் தட்டை வைத்துவிட்டு, பிரசாதம் வாங்காமல் வெளியேறினேன். இனி வடைக் கடைக்கும் மடைப்பள்ளிக்கும் வருவதில்லை என்று காருக்குள் இருந்தே முடிவெடுத்தேன். கோயில் ஆட்களான உங்களில் பலருக்கு இது இன்றுதான் தெரியவரும்.

மத்தியானம் கதவு தட்டப்பட்டது. புவனா அக்கா, கையில் நாலடுக்குச் சாப்பாட்டுக் கரியர். வெற்றி பெற்ற பக்கத்தவர். நேரே குசினிக்குள் போய் ஒவ்வொரு தட்டாகக் கழற்றி வைத்தார். சோறு. பருப்பு. பூசணிக்காய்க் கறி. செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்று அயலவர் சமைத்துக் கொண்டுபோவார்களே, அச்சொட்டாக அந்தச் சாப்பாடு.

எனக்குக் கோபம் பொங்கியது. "என்னக்கா இது? இது என்ன செத்த வீடே?"

"அடுப்பு மூட்டினனியே?"

மூட்டவில்லை.

"பின்னை என்ன? தேர்தல் சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பிட வேணும். தம்பியைக் கூப்பிடு."

மேல் தட்டைத் திறந்தார். முந்திரிப்பருப்பு மினுங்க, நெய் வடிய, கேசரி. நான் அதிர்ந்துபோய்ப் பார்த்தேன். "கீழ் மூண்டு தட்டும் உங்கட துக்கம். மேல் தட்டு என்ர சந்தோசம். பாலன்ர மனிசி வரப்போறா, நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வர ஏலுமே? அதையும் சாப்பிடுங்கோ."

சிவா அறையிலிருந்து வந்து கரியரையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு கேசரித் தட்டைத்தான் முதலில் இழுத்தார். அதற்குப் பிறகு மூவரும் சிரித்த சிரிப்பு இன்றும் காதில் இருக்கிறது. சிரிப்புக்கு நடுவே உண்மையைச் சொல்லிவிட்டேன்: "அக்கா, தொண்ணூற்றாறில நான் கொண்டு வந்தது உங்கட துக்கத்துக்கு இல்லை. அது மிஞ்சின இடியப்பம்."

"தெரியும் பிள்ளை. காஞ்சு போயிருந்தது. ஆனாலும் அண்டைக்குக் கதவைத் தட்டினது நீதானே."

அடுத்த வெள்ளி நான் மடைப்பள்ளிக்கு வந்தேன். ராஜி கரண்டியை என் கையில் தந்தாள். நான் வாங்கிக் கிளறத் தொடங்கினேன்.

விசாச் சட்டம் மாறியது. கொஞ்சக் காலம் எடுத்தாலும் பாலனின் மனைவியும் மகளும் இந்த ஆண்டு வந்து சேர்ந்தார்கள். விமான நிலையத்திலிருந்து அவர்களை ஏற்றி வந்தது எங்கள் வான். "நீலச் சட்டைக்காரன்ர வானிலதான் என்ர மருமகள் வந்திறங்கினவ" என்று புவனா அக்கா அதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். கடைசிச் சில மாதங்கள் அந்தச் சின்னவளின் தலையைப் பின்னிவிட்டபடி இருந்தார். நிறைவாகத்தான் போனார். நானும் நிறைவோடுதான் இதை எழுதுகிறேன்.

அவர் போன அன்று அந்த வீட்டுக்குச் சோறும் பருப்பும் நாங்கள் கொண்டுபோனது அவருடைய கரியரிலேயே. இரண்டாயிரத்து ஏழிலிருந்து அது எங்கள் வீட்டில்தான் கிடந்தது. திருப்பிக் கொடுக்கப் போனால், "வைச்சிரு, உனக்கும் தேவை வரும்" என்பார். மேல் தட்டை அன்று வெறுமையாகவே வைத்து மூடினோம். பாலன் இப்போது அதை என்னிடமே வைத்திருக்கச் சொல்லிவிட்டான். அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அதுவும், தோற்றவர் வீட்டுக் கதவைத் தட்டும் பழக்கமும்.

அடுத்த தேர்தல் எப்படியும் வரும். நீலம் வென்றால் சிவப்பு வீடுகளுக்கு நான் சமைப்பேன், நாலு தட்டும். சிவப்பு வென்றால் எங்கள் வீட்டுக்குச் சமைக்கச் சிவப்புப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். "இனி ஆர் சோறு கொண்டு வாறது?" என்று மடைப்பள்ளியில் முதலில் கேட்டது நீதான், ராஜி. கேசரி உனக்கு நன்றாக வரும். ஓமோ இல்லையோ, வருகிற வெள்ளிக்குள் சொல்லு.