மறைந்தால் நிஜம்

மூடியைத் திறக்கும் முன் அந்தச் சின்னக் குழாயை நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார் அக்கா. மேலே ஒட்டியிருக்கும் துளி கீழே இறங்குவதற்காகத்தான். ஆனால் வாய் சும்மா இருக்காது. “எழுந்திருடா செல்லம், வேலை இருக்கு” என்பார். குழாயின் மூடியில் ஒரு தடவை, வயிற்றில் ஒரு தடவை என்று பெயரை இரண்டு இடத்தில் எழுதுவார். கேட்டால், “மூடி மாறிடும் ஸ்டோரு, உடம்பு மாறாது” என்பார். ஸ்டோரு என்பது நான். ஆய்வுக்கூடத்தின் சரக்கறையைப் பார்த்துக்கொள்வதால் எனக்கு அவர் இட்ட பெயர்.

கல்லீரலில் கொழுப்பை எரிக்கும் ஒரு நொதியைத் தேடுவது அவருக்கு வேலை. தேடிப் பிடித்துத் தரும் கையாள் ஆன்டிபாடி. அது நொதியைப் பிடித்த இடத்தில் கறுப்பாக ஒரு கோடு விழும். தொல்லை என்னவென்றால், கண்டதையும் பிடித்துக்கொண்டு கோடு காட்டும் ஆன்டிபாடிகளும் உண்டு. அதைச் சோதிக்க, நொதியில் அது பிடிக்க வேண்டிய துண்டை மட்டும் தனியாகச் செய்து விற்கிறார்கள். பெப்டைட் என்று பெயர். அக்கா அதை முதலிலேயே ஆன்டிபாடியோடு கலந்துவிடுவார்.

“தேடி வந்தது கைக்குக் கிடைச்சிடுச்சு. அப்புறம் எதுக்கு அலையணும்? அதனால கோடு மறைஞ்சா நிஜம். அதுக்கப்புறமும் நின்னா, அது இத்தனை நாளா வேற யாரையோ பிடிச்சிட்டு இருந்திருக்குன்னு அர்த்தம்.”

எனக்கு இது தலைகீழாகப் பட்டது. என் பிழைப்பில் இருப்பதுதான் நிஜம், மறைந்தால் சீட்டுக் கிழிந்துவிடும். சொன்னேன். வழக்கமாக என் அசட்டு ஜோக்குக்கெல்லாம் சிரிக்கிறவர் அன்று சிரிக்கவில்லை. மேசையில் சாய்த்து வைத்திருந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவருடைய அம்மாவின் அறை தெரியும். சத்தத்தை அணைத்தே வைத்திருப்பார். படுக்கையில் இருக்கும் அம்மாவின் உதடு மட்டும் திரும்பத் திரும்ப ஒரே சொல்லுக்கு அசையும்.

பாப்பா. வீட்டில் அக்காவுக்கு அதுதான் பெயர், தலை பாதி நரைத்த பிறகும். அம்மாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. “உன்னையே அடையாளம் தெரியல. காப்பகத்துல விட்டுடலாம்க்கா” என்று உடன்பிறந்த தம்பி தொலைபேசியில் நச்சரிக்கிறார். அக்கா ஒரே பிடியாக நிற்கிறார். “நாள் முழுக்க என்னைத்தான்டா கூப்பிடுறாங்க. எப்படி விடுறது?” அம்மா தன்னை மறக்கவில்லை என்பதற்கு அந்தக் கூப்பாடுதான் அவரிடம் இருக்கும் ஒரே ஆதாரம்.

ஒரு விடுமுறை நாள் மதியம், ஃப்ரீசர் சாவி வாங்க அவர் வீட்டுக்குப் போனேன். தெருவிலேயே அந்தக் குரல் கேட்டது. “பாப்பா... பாப்பா...” கைபேசியில் உதட்டசைவை மட்டுமே பார்த்துப் பழகியதில், அதற்கு இவ்வளவு இளமையான குரல் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அக்கா என்னை உள்ளே அழைத்து ஜன்னலோரம் நிற்கச் சொன்னார்.

“நீயும் பாரு ஸ்டோரு. எனக்குத் தனியாப் பார்க்க பயமா இருக்கு. ரெண்டு கையையும் கொடுக்கப்போறேன். கூப்பிடுறதை நிறுத்திட்டாங்கன்னா, கூப்பிட்டது என்னைத்தான்.”

என்ன செய்கிறார் என்று புரிந்ததும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் கட்டிலுக்குப் போய்விட்டார்.

கட்டிலின் நடுவில் அம்மாவைப் பார்த்து உட்கார்ந்து கைகளை நீட்டினார். அம்மா சட்டென்று பற்றிக்கொண்டார். வலிக்கிற மாதிரியான பிடி. குரல் நின்றது. அக்கா என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

அப்போது அம்மா, பிடியைத் தளர்த்தாமலே, அக்காவின் தோளுக்கு மேலாக வாசற்படியைப் பார்த்தார். தெளிவாக, கொஞ்சலாகச் சொன்னார்:

“பாப்பா, அங்கேயே எவ்வளவு நேரம் நிப்பே? உள்ள வாடி.”

நான் பார்த்தேன். வாசற்படியில் யாரும் இல்லை. அந்தப் பக்கம் கூடமும் காலியாகத்தான் கிடந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. கைகளையும் உருவிக்கொள்ளவில்லை. கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் விட்டார்.