விளக்கெண்ணெய் பூசிய தகடுகள்

எங்கள் ஊரில் முதன்முதலாக எம்.எஸ்சி. முடித்தவன் என்ற மிதப்போடு, 1996இல் திருப்பாலைக்குடி கடலோரத்து உலோகப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேரப் போனேன். வாசலிலேயே மறித்தவர் பஞ்சம்மாள்.

“அங்கனயே நில்லுங்க தம்பி. உள்ள தகடுக இருக்கு.”

கடலை விட்டுத் தள்ளியிருந்த ஊரில் விவசாயக் கூலிக் குடும்பம் அவருடையது. பன்னிரண்டு வருடமாகத் தினக்கூலி. கூட்டுவது, காவல், எல்லாம் அவர்தான். வேலை நிரந்தரமாக வேண்டும், அதுதான் அவருடைய ஒரே வேண்டுதல். அந்தக் கோப்பு எங்கள் நிலையத் தலைவர் மேசையில் உறங்கியது.

அலுமினியத்தில் சிலிக்கன் கார்பைடு பொடியைக் கலந்து வார்த்த தகடுகள் அவை. உப்புக்காற்றை எவ்வளவு தாங்கும் என்று பார்க்கக் கடலைப் பார்த்து மாட்டியிருந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் சாதா அலுமினியம். ஒரு வருடத்தில் சாதா தகடுகள் வெள்ளை பூத்துக் குழி விழுந்தன. கலப்புத் தகடுகளோ கல்யாணப் பெண்போல மினுங்கின. தலைவர் இந்த அதிசயத்தை மூன்று நாட்டு மாநாடுகளில் கட்டுரையாகப் படித்துவிட்டு வந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பஞ்சம்மாள் கிண்ணமும் துணியுமாகத் தகடுகளருகே நின்றார்.

“என்னக்கா இது?”

“வெளக்கெண்ணெ தம்பி. வண்டி அச்சுக்கே போடுவோம், இது சர்க்காரு சாமானு. ‘புள்ள மாதிரி பாத்துக்க’ன்னு பெரியவுக சொன்னாகள்ல.”

“எத்தனை நாளா?”

“மாட்டுன நாள்லருந்து, வாராவாரம்.”

“பக்கத்துத் தகட்டுக்கு?”

“அதப் பாத்துக்கன்னு ஒருத்தரும் சொல்லலையே!”

“அக்கா, இது கெட்டுப்போகத்தான் மாட்டியிருக்கு.”

“கெட்டுப்போறதுக்கு ஒரு காவலா? நல்லாப் படிச்சீக போங்க!” என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். “பெரியவுகளுக்குத் தெரிஞ்சா என் பெர்மனண்டு போயிருமா?”

மறைக்க மனமில்லாமல் தலைவரிடம் சொன்னேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

“வேற யாருக்குய்யா தெரியும்?”

“பஞ்சம்மாளுக்கு.”

அத்தனை வருடம் அசையாத கோப்பு இருபதே நாளில் சென்னை போய்த் திரும்பியது. ‘சோதனைப் பொருள்களைப் பராமரிப்பதில் காட்டிய தனித்திறனை முன்னிட்டு’ நிரந்தர ஆணை. கூடவே, கடலும் தகடும் இல்லாத பரமக்குடிக் கிளைக்கு மாற்றல். “தெறமைன்னு எழுதியிருக்காகளாம்ல!” என்று பஞ்சம்மாள் எனக்கே இனிப்புக் கொடுத்தார்.

எண்ணெய் காணாத புதுத் தகடுகள் நான்காவது மாதமே குழி விழுந்தன. அந்த அறிக்கையைப் படிக்கத் தலைவர் எந்த நாட்டுக்கும் போகவில்லை.

பஞ்சம்மாள் இப்போது பரமக்குடிக் கிளையில் அலுவலக உதவியாளர். இந்த 2009 ஆனியில் ஓய்வு பெறுகிறார்.