எச்சில் பட்ட பம்ப்

கமலாவதி தன் வாழ்நாளில் ஒரு சிகரெட்டைக் கையால்கூடத் தொட்டவளில்லை. அவளுக்குப் போய்ச் சுவாசப்பை கெட்டுவிட்டது என்றால் பட்டணத்தில் இருப்பவன் நம்பமாட்டான். யாழ்ப்பாணம் வலிகாமத்துப் புகையிலைத் தோட்டக்காரருக்கு இதெல்லாம் ஒரு புதினமா? கலியாணம் முடித்து வந்த வருசத்திலிருந்து இலையைக் கொட்டிலுக்குள் கட்டித் தொங்கவிட்டு, தேங்காய்ப் பொச்சுமட்டையும் பனை ஊமலும் அடுக்கி மூட்டம் போடுவது அவள் வேலை. நெருப்புப் பற்றினால் இலை பாழ், புகைந்துகொண்டே இருக்கவேண்டும். அதைக் குனிந்து பார்ப்பதற்கென்றே பிறந்தவள்போல அவள் உள்ளே கிடந்தாள். புருசன் குகதாசன் வெளியே தோட்டத்தில் நின்றான். ஐம்பது தாண்டியதும் கிணற்றடிக்குப் போய்வரவே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. இந்த வருசம் கர்ப்பப்பையில் ஒரு கட்டி. கூடாத கட்டிதான், ஆனால் இன்னும் பரவவில்லை, வெட்டி எடுத்தால் தப்பலாம் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர்தான் குறுக்கே நின்றார்.

"அம்மா, உங்கடை மூச்சுக்குழாய் உள்ளுக்கை வீங்கிக் கிடக்குது. இரத்தத்திலையும் அந்த வீக்கம் காட்டுது. மிசினிலை ஊதுற அளவு பாதியும் இல்லை. இப்பிடியே மயக்கினால் எழும்பமாட்டியள். இந்த மருந்துப் பம்பை வாயிலை வைச்சுக் காலமையும் பின்னேரமும் இழுங்கோ. இரத்த அளவு இறங்கி, ஊதுற அளவு ஏறினால் ஒப்பரேசன் செய்யலாம்."

இழுத்தாள். வேலையும் செய்தது! சில கிழமைகளில் வழியில் எங்கும் நிற்காமல் முருகன் கோயில்வரை நடந்தாள். அவளுக்கு வந்த சந்தோசப் புளுகத்தைச் சொல்லி முடியாது. திரும்ப ஊதிப் பார்க்கும் நாள் கந்தசஷ்டி முடிந்த மூன்றாம் நாள் என்று வந்ததும், அது முருகனே வைத்த நாள் என்று முடிவு கட்டிவிட்டாள். ஒப்பரேசன் சரிவரவேண்டும் என்று நேர்ந்து, ஆறு நாளும் விரதம் பிடிக்கத் துணிந்தாள். பகலில் பச்சைத் தண்ணீரும் இல்லை. இரவில் ஒரு மிடறு பாலும் பழமும்.

"இஞ்சாருங்கோ, உந்தப் பம்ப் வாயுக்கை வைக்கிற எச்சில் சாமான். விரதத்தோடை தொடலாமோ?"

குகதாசன் கொஞ்சம் யோசித்தான். "ஆறு நாள்தானே. இப்ப சுகமாத்தானே இருக்கிறீர். விடும்."

அட, யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கோயில் ஐயரைக் கேட்டிருந்தாலே, மருந்துக்கு என்னடி அம்மா விரதம் என்று ஏசியிருப்பார். கேட்கவில்லை. பம்பைக் கழுவித் துடைத்து, துணியில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்தாள்.

மழை பிடித்துக்கொண்டது. கோயிலில் சாம்பிராணிப் புகைக்கு முன்னால்தான் இருப்பாள். நாலாம் நாள் நெஞ்சு கீச்சிட்டது. கந்தன் சோதிக்கிறான் என்று நினைத்தாள். சூரன்போர் அன்று நிற்க முடியாமல் கோயில் வீதி மணலில் குந்திவிட்டாள். மறுநாள் பாறணையில் விரதத்தை முடித்ததும் பம்பை எடுத்து இழுத்தாள். இனி எல்லாம் சரி என்று மனம் சொன்னது.

ஆஸ்பத்திரியில் குகதாசன் வெளியே மர வாங்கில் இருந்தான். உள்ளே மிசினோடு நின்ற பிள்ளை நிரோஜா, "ஊதுங்கோ அம்மா, விடாதேங்கோ, இன்னும், இன்னும்" என்று கத்தினாள். கமலாவதிக்குக் கண் இருண்டது. திரும்பத் திரும்ப ஊதவிட்ட நிரோஜாவின் முகம் சுருங்கிப்போயிற்று.

"பம்ப் விட்டனீங்களோ அம்மா? ரெண்டு மூண்டு நாள் விட்டாலே உள்ளுக்கை திரும்ப வீங்கிப்போடுமெல்லே."

கமலாவதி விரதமிருந்த ஆறு நாளையும் மனதுக்குள் எண்ணியபடி எழும்பி டொக்டரின் அறைக்குப் போனாள்.

டொக்டர் இரத்த அளவையும் ஊதிய அளவையும் மாறி மாறிப் பார்த்தார். "பம்ப் ஒழுங்கா இழுத்தனீங்கள்தானே?"

இல்லை என்றால் ஏன் என்று கேட்பார். புருசனை உள்ளே கூப்பிடுவார். விடச் சொன்னது தான்தான் என்று தெரிந்தால் அந்த மனுசன் இடிந்துபோவான். விரதத்துக்கும் பழி வரும்.

"ஓம் டொக்டர்."

"அப்பிடியெண்டால் உங்கடை சுவாசப்பை மருந்துக்குக் கேக்கேல்லை. இனிக் காத்திருந்தால் கட்டி பரவும். ஒப்பரேசன் வேண்டாம். கதிர் வைத்தியத்துக்கு எழுதிவிடுறன். கட்டி கொஞ்சம் சுருங்கும். முழுசாப் போகுமெண்டு சொல்லமாட்டன்."

கேட்டது! மருந்து நன்றாகவே கேட்டதே! அவளுக்குக் குளறி அழவேண்டும்போல் இருந்தது. பழி வந்தாலும் வரட்டும் என்று வாயைத் திறந்தாள். "டொக்டர், நான்..." இருமல் பிடித்துக்கொண்டது. விடவில்லை.

டொக்டர் எழுந்து வந்து அவள் முதுகைத் தடவினார். நல்ல மனுசன். "கதைக்காதேங்கோ அம்மா. களைச்சுப் போவியள்." அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

பஸ்ஸில், ஒப்பரேசன் இல்லையாம் என்று மட்டும் அவள் சொன்னாள். குகதாசன் அவள் கையைப் பிடித்தான்.

"யோசிக்காதையும். வாற வருசம் நானும் சேர்ந்து விரதம் பிடிக்கிறன். ரெண்டுபேரும் பிடிச்சால் முருகன் கைவிடமாட்டான்."

வாற வருசமா என்று அவள் கேட்கவில்லை. பையைத் திறந்து பம்பை எடுத்து, அவன் பார்க்க ஒருதரம் இழுத்தாள். மூச்சு வந்ததும், "ஓம், பிடிப்பம்" என்றாள்.