கண்ணாடிப் பெட்டியில் பள்ளிக்கூட மணி

பள்ளிக்கூட வாசலில் காவல் நிற்கும் முறை தனக்கும் வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஆறாயிக்கு நிம்மதி போய்விட்டது. போர்க்காலத்தில், கொழும்பின் கோட்டைப் பகுதியில் அந்தப் பெரிய குண்டு வெடித்த பிறகு நகரத்துப் பாடசாலைகளில் வந்த வழக்கம் அது. காலையில் பெற்றோர் சிலர் வாசலில் நின்று, உள்ளே போகும் பிள்ளைகளின் பைகளைத் திறந்து பார்க்க வேண்டும். மணி அடித்து வாசலைச் சாத்திய பிறகும் பகல் வரை அங்கேயே இருக்க வேண்டும்.

காவலைவிடப் பள்ளிக்கூடம்தான் அவளுக்குப் பயம். மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து மூன்றாம் வகுப்போடு நின்றவள் அவள். துறைமுகத்தில் மூட்டை இறக்கும் இராமரைக் கட்டிக்கொண்டு கொழும்பு கொட்டாஞ்சேனைக்கு வந்தாள். விடியலில் வடை சுட்டு மஜீட் நானாவின் தேநீர்க்கடைக்குக் கொடுத்தாள். சிங்களம் கடைத்தெருவில் தானாக வந்தது. மகள் தவமலர் எட்டாம் ஆண்டுக்கு வந்தும் ஆறாயி அந்த வாசலைத் தாண்டி உள்ளே போனதில்லை. ரிப்போர்ட் வாங்கக் கூப்பிட்டால் பக்கத்து வீட்டுக்காரியை அனுப்பிவிடுவாள். "எனக்கு என்னா தெரியும்?" என்பதுதான் பள்ளிக்கூடத்தைப் பற்றி அவள் வீட்டில் பேசுகிற ஒரே பேச்சு.

முறை வந்த அன்று அவளோடு நின்றவர்களில் ஒருத்தி மஜீட் நானாவின் மனைவி ஜவாஹிறா. அவளுடைய மகனும் அதே பாடசாலைதான். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்ததால் ஆறாயிக்குப் பயம் சற்றுக் குறைந்தது. சாப்பாட்டுப் பெட்டி, கொம்பாஸ் பெட்டி, மழைக்கோட்டு என்று ஒவ்வொரு பையாகத் தடவி அனுப்பிக்கொண்டிருந்தாள். வரிசையின் கடைசியில் தவமலர் நின்றாள். தாயிடம் வராமல் ஜவாஹிறாவின் பக்கமாக நழுவப் பார்த்தாள். ஆறாயி அவளை இழுத்து நிறுத்திப் பைக்குள் கையை விட்டாள். பழைய சட்டைத்துணியில் எதையோ சுற்றி வைத்திருந்தது. துணிக்கு வெளியே சிவப்பு வயர் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே டிக், டிக் என்று சத்தம்.

"ரப்பே" என்று இறைவனைக் கூப்பிட்டபடி ஜவாஹிறா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பிள்ளைகள் நாலா பக்கமும் சிதறினார்கள். ஆறாயி யோசிக்கவில்லை. யாரோ தன் பிள்ளையின் பையில் குண்டை வைத்துவிட்டார்கள் என்பது மட்டும்தான் மண்டையில் ஏறியது. பையை மகளின் தோளிலிருந்து பிடுங்கினாள். மார்போடு அணைத்துக்கொண்டு, ஆளில்லாத விளையாட்டுத் திடலை நோக்கி ஓடத் தொடங்கினாள். சேலை காலைத் தட்டியது, செருப்பு ஒன்று கழன்று போனது, அவள் நிற்கவில்லை. திடலின் கோடியில் பையை மதிலுக்கு அப்பால் வீசக் கையை ஓங்கிய நேரத்தில்தான் பின்னால் ஓடி வந்த மகளின் குரல் காதில் விழுந்தது.

"அம்மா, வீசாதீங்க. அது நம்ம வீட்டு மணிக்கூடும்மா."

ஓங்கிய கையோடு ஆறாயி நின்றாள். மாடி வராந்தா முழுக்கப் பிள்ளைகளின் தலைகள். முதன்முதலாக அவள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த விதம் அதுதான்.

பாடசாலை அதிபர் சரோஜினிதேவி யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். கண்டிப்புக்குப் பேர் போனவர். இன்றோடு பிள்ளையின் பள்ளிக்கூடம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே ஆறாயி அவருடைய அறைக்குள் போனாள். அதிபர் அவளைக் கதிரையில் இருக்கச் சொன்னார். சிற்றூழியர் செல்லையாவிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். பிறகு தவமலரை விசாரித்தார்.

விஷயம் இதுதான். விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியர் ஹியூபேட் சேர் கண்காட்சிக்கு ஒவ்வொருவரும் ஏதாவது செய்ய வேண்டும், வீட்டில் ஒருவரைச் சேர்த்துக்கொண்டு செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தார். தவமலருக்கு ஒரு யோசனை. பாடசாலையில் மணி என்பது மாமரத்தில் தொங்கிய தண்டவாளத் துண்டு. அதை அடிப்பது செல்லையா. அவர் கடைப்பக்கம் போய்விட்டால் கணக்குப் பாடம் முடிவே இல்லாமல் நீளும். நேரம் வந்ததும் தானாக அடிக்கிற மணி ஒன்றைச் செய்தால் என்ன என்று வீட்டு மணிக்கூட்டைப் பற்றரி, வயரோடு துணியில் சுற்றி எடுத்து வந்துவிட்டாள்.

அம்மாவிடம் ஏன் சொல்லவில்லை என்று அதிபர் கேட்டார். தவமலர் தரையைப் பார்த்தாள்.

"தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அம்மாதான் எப்பவும் சொல்லுவாங்க, டீச்சர்."

ஆறாயிக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. அந்தச் சொல்லைத் தன் வாயிலிருந்து எத்தனையோ தடவை விட்டிருக்கிறாள். பிள்ளை அதை அப்படியே நம்பிவிடும் என்று நினைத்ததில்லை.

அதிபர் எழுந்து போய் ஜன்னல் வழியே வாசலைப் பார்த்தார். காவலுக்கு வந்த தாய்மார் அங்கே மரநிழலில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எத்தனை கூட்டம் கூட்டியும் வராத பெற்றோர் இந்தக் காவலுக்காக ஒருவர் தவறாமல் வருகிறார்களே என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். திரும்பி வந்து ஆறாயியிடம் சொன்னார்:

"பற்றரியையும் வயரையும் பிள்ளையள் றோட்டால கொண்டு திரியேலாது. அது உங்களுக்கே தெரியும். ஆனபடியால் சாமான் எல்லாம் இஞ்சயே இருக்கட்டும். சனிக்கிழமையில நீங்கள் வாங்கோ. பிள்ளையோட இருந்து செய்யுங்கோ. உங்களுக்கு ஒண்டும் தெரியாட்டி பிள்ளை சொல்லித் தரும்."

அந்தச் சனிக்கிழமை ஆறாயியும் ஜவாஹிறாவும் வேறு சில தாய்மாரும் தயங்கித் தயங்கி வந்தார்கள். அடுத்த சனிக்கிழமை கூட்டம் கூடியது. அதற்கடுத்த கிழமை விஞ்ஞான அறையில் இடம் போதாமல் வராந்தாவுக்கு மேசைகளைத் தூக்கினார்கள். தையல்காரர்கள், நகைக்கடைச் சிப்பந்திகள், லொட்ஜ் அறைகளில் தங்கியிருந்த வடக்குத் தாய்மார் என்று எல்லோரும் பிள்ளைகளின் வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஹியூபேட் சேர் தொண்டை கட்டக் கட்ட ஒவ்வொரு மேசையாக ஓடினார். வகுப்புக்கு வராமல் கள்ளம் அடித்த பையன்கள்கூட, அப்பா வருகிறார் என்பதற்காக வந்தார்கள். வந்தவர்கள் திங்கட்கிழமையும் வந்தார்கள்.

ஆறாயியின் வேலை செம்புக் கம்பியை ஒரு இரும்பு ஆணியில் நெருக்கமாகச் சுற்றுவது. மின்சாரம் பாய்ந்தால் ஆணி காந்தமாகி, சின்னச் சுத்தியலை இழுத்து மணியில் தட்டும் என்று தவமலர் விளங்கப்படுத்தினாள். ஆறாயி முதலில் சுற்றியது தளர்ந்து போனது. மகள் அவிழ்த்துவிட்டாள். மறுபடி சுற்றியது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. அதையும் அவிழ்த்தாள். பிறகு தாயின் விரல்களைப் பிடித்துத் தானே காட்டிக் கொடுத்தாள். மணி முதன்முதலாக 'ணிங்' என்று ஒரு தரம் அடித்தபோது தாயும் மகளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். அன்று துறைமுகத்தில் வேலை முடிந்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து பார்த்த இராமர், அடுத்த கிழமை பலகை அறுக்கத் தானே வாளைக் கொண்டுவந்தார்.

பாடசாலைக் கண்காட்சியில் தவமலரின் மணிதான் முதலிடம். வலயக் கண்காட்சிக்கு அது போக வேண்டும். கண்காட்சி வெள்ளவத்தையில் ஒரு பெரிய கல்லூரியில். கொட்டாஞ்சேனையிலிருந்து அங்கே போய்ச் சேர்வதற்குள் இராணுவம் மறித்துச் சோதிக்கும் சென்றிகள் எத்தனை. கழற்றித் துண்டு துண்டாகக் கொண்டுபோகலாம் என்றார் ஹியூபேட் சேர். பொலிஸில் சொல்லி வைப்பதாகச் சொன்னார் அதிபர். ஆறாயிக்கு மட்டும் வாசலில் தன் கை அந்தத் துணிச்சுற்றில் பட்ட நிமிஷம் ஞாபகத்தில் இருந்தது. துணிக்குள் இருந்ததால்தானே தான் ஓடினாள்.

"மறைச்சுக் கொண்டு போகக்கூடாதுங்க, சேர். எல்லாரும் பாக்குற மாதிரி கொண்டு போவோம்" என்றாள்.

தினமும் அவள் வடை அடுக்கும் மஜீட் நானாவின் கண்ணாடிப் பெட்டியைக் கேட்டு வாங்கினார்கள். நாலு பக்கமும் கண்ணாடி. ஜவாஹிறா எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்த்துக் கழுவித் தந்தாள். உள்ளே மணிக்கூடு, பற்றரி, கம்பி, மணி எல்லாம் கடைச் சாமான் மாதிரி வெளிச்சமாகத் தெரிந்தன.

வாடகைக்குப் பிடித்த வான் வண்டியில் ஹியூபேட் சேர் முன்னால். பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆறாயி, பக்கத்தில் தவமலர், ஜவாஹிறா. காலி நகருக்குப் போகும் பெருவீதியில் ஒரு சென்றியில் மறித்தார்கள். உள்ளே எட்டிப் பார்த்த சிப்பாய் ஒரே எட்டில் பின்வாங்கித் துப்பாக்கியைத் தூக்கினான். எல்லோரையும் இறங்கச் சொன்னான். ஹியூபேட் சேர் பேச வாயெடுத்தார், அவரைத் தள்ளி நிறுத்தினார்கள். பின்னால் வாகனங்கள் ஹோர்ன் அடித்தன.

"மொக்கத்த மேக்க?" என்று சிப்பாய் கத்தினான். இது என்ன என்று கேட்கிறான்.

ஆறாயி பெட்டியைச் சாயாமல் இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இஸ்கோலே சீனுவ, மஹத்தயா" என்றாள். பள்ளிக்கூட மணி. தன் மகள் செய்தது, போட்டிக்குக் கொண்டு போகிறோம் என்று கடைத்தெருச் சிங்களத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சத்தம் கேட்டு நடுத்தர வயது அதிகாரி ஒருவர் வந்தார். கண்ணாடியை நாலு பக்கமும் குனிந்து பார்த்தார். பொலிஸில் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறது என்று ஹியூபேட் சேர் சொன்னதற்குத் தலையாட்டினார். ஆனாலும் அடித்துக் காட்டச் சொன்னார்.

தவமலர் பெட்டிக்குள் கையை விட்டு மணிக்கூட்டு முள்ளை நகர்த்தினாள். சத்தம் இல்லை. இன்னும் நகர்த்தினாள். இல்லை. ஆறாயி கண்ணாடியருகே குனிந்தாள். கண்ணில் பட்டது ஒரு கம்பி முனை. வான் குலுங்கியதில் அது பற்றரியை விட்டுக் கழன்றிருந்தது. "அந்தா பாரு" என்று காதுக்குள் சொன்னாள். தவமலர் அதை மாட்டியதும் 'ணிங் ணிங் ணிங்' என்று தெருவே அதிர்ந்தது. முதலில் துள்ளியது துப்பாக்கியோடு நின்ற சிப்பாய்தான். அதிகாரி சிரித்துவிட்டார். தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் தண்டவாளம்தான் தொங்குகிறது என்று சொல்லி, "ஹரி, யண்ட" என்று கையை ஆட்டினார். போகலாம்.

வானில் ஏறியதும் ஜவாஹிறாதான் முதலில் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கல்லூரி வாசல் வரும்வரை கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒன்றை எல்லோரும் மறந்துபோனார்கள். சென்றியில் நகர்த்திய முள்ளைத் திருப்பி வைக்கவில்லை.

அதன் பலன் திறப்பு விழாவில் தெரிந்தது. கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பிரதம விருந்தினர் விஞ்ஞானத்தின் பெருமையை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். மண்டபம் கொட்டாவி விட்டது. திடீரென்று ஒரு மூலையிலிருந்து மணி அடித்தது. நிற்காமல் அடித்தது. தவமலர் முகத்தை மூடிக்கொண்டாள். பெரியவர் பேச்சை நிறுத்தி, சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "பாடம் முடிஞ்சுது போல கிடக்கு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மண்டபம் கைதட்டலில் கிடுகிடுத்தது.

பிறகு நடுவர்கள் அந்த மேசைக்கு நேரே வந்தார்கள். தவமலர் தடுமாறாமல் விளங்கப்படுத்தினாள். அவர்களில் கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் ஆறாயியைப் பார்த்து, இதில் உங்கள் பங்கு என்ன என்று கேட்டார். ஆறாயியின் நாக்கு நுனிக்கு அந்தப் பழைய சொல் வந்துவிட்டது. விழுங்கினாள்.

"கம்பிய நான்தாங்க சுத்தினேன். புள்ள சொல்லிக் குடுத்திச்சி, நான் கத்துக்கிட்டேன்."

முதலாம் இடம் தவமலருக்குக் கிடைத்தது. பரிசை வாங்க அதிபர் தாயையும் மேடைக்கு ஏற்றினார். அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் அவர்கள் குடியிருந்த ஒழுங்கையில் வான் வந்து நின்றபோது, விஷயம் எப்படியோ முந்திக்கொண்டு வந்திருந்தது. மஜீட் நானா கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார். இராமர் மகளைத் தோளில் தூக்கப் பார்த்தார். எட்டாம் ஆண்டுப் பிள்ளையைத் தூக்குவதா என்று அவள் வெட்கப்பட்டு ஓடினாள்.

மாகாண மட்டத்தில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. யாரும் கவலைப்படவில்லை. சனிக்கிழமைகள் நிற்கவில்லை. விஞ்ஞானத்தோடு கணக்கும் சேர்ந்தது, பிறகு ஆங்கிலமும் சேர்ந்தது. காவல் முறைக்கு வரும் பெற்றோர் வாசல் சாத்தியதும் கீழ் வகுப்புகளுக்குப் போய், பிள்ளைகள் உரத்து வாசிப்பதைக் கேட்டிருக்கும் வழக்கமும் வந்தது. தவமலர் சாதாரண தரப் பரீட்சையில் விஞ்ஞானத்துக்கு விசேட சித்தி எடுத்தாள். அந்த வருஷம் அந்தப் பாடசாலையில் அப்படி எடுத்தவர்கள் அவளோடு பலர்.

அதற்கு முன்னமே ஆறாயியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் செயற்குழுவில் சேர்த்துவிட்டார்கள். வருஷத் தொடக்கத்தில் புதுப் பெற்றோர் வந்து வாசலடியில் தயங்கி நிற்பார்கள். ஆறாயி வடைச்சட்டியை இறக்கிய கையோடு அங்கே வந்துவிடுவாள். அப்படி ஒரு காலையில், வவுனியாவிலிருந்து வந்து லொட்ஜில் தங்கியிருந்த ஒரு தாய், தான் அவ்வளவு படிக்கவில்லை, உள்ளே வந்து என்ன செய்வது என்று கேட்டாள். ஆறாயி அவள் கையைப் பிடித்து விஞ்ஞான அறைப் பக்கம் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

"வாங்க தங்கச்சி, உள்ள போய் ஒக்காருங்க. ஒங்க புள்ள சொல்லித் தரும்."