அடைபட்ட காற்றுவழி

அப்பா போன மாதம் சுவிஸ் நகரமான லுசேர்ணில் இறந்தார். பெயர் உருத்திரமூர்த்தி. ஹோட்டலில் அவரை மூர்த்தி என்று சுருக்கினார்கள். நான் கட்டடங்களுக்குக் காற்றோட்டம் அமைக்கும் பொறியியல் படித்தேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஒரு சமையலறைதான் வருகிறது.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். அம்மாவும் நானும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தோம். அப்பா இங்கே அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவினார். கூடவே தவராஜா, அவரைவிட இளையவர், கல்யாணமாகாதவர். இருவருக்கும் ஹோட்டல் கொடுத்த ஒரே அறை.

அடுப்புகளுக்கு மேலே புகையை இழுத்து வெளியே தள்ளும் கூண்டு இருந்தது. எவ்வளவு காற்று வெளியே போகிறதோ அவ்வளவு வெளிக்காற்று உள்ளே வர வேண்டும் என்பது விதி. அது வரும் துவாரம் கழுவும் தொட்டிக்கு மேலே, நேரே அப்பாவின் பிடரிக்கு. மார்கழிப் பனிக்கே யாழ்ப்பாணத்தில் காதைத் துண்டால் மூடித் திரிந்த மனிதர். தான் இடுப்பில் உடுத்தும் பழைய சாரத்தைச் சுருட்டித் துவாரத்தில் திணித்தார்.

"சுவருக்குச் சாரம் உடுத்தி விட்டிட்டியள். இனி நீங்கள் என்னத்தை உடுக்கிறது அண்ணை?" என்று தவராஜா சிரித்திருக்கிறார்.

"பிடரியில குளிர் ஏறினால் தடிமன் பிடிக்கும். பகிடியை விட்டிட்டுக் கோப்பையைக் கழுவு."

தவராஜா நின்ற மூலையில் எரிவாயுவில் தண்ணீர் சுடவைக்கும் கொதிகலன் இருந்தது. சில நாட்களில் அவருக்குத் தலையிடி தொடங்கியது. ஒரு மத்தியானம் சட்டிகளோடு விழுந்தார். வாந்தி எடுத்தார். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார் தலைமைச் சமையல்காரர். தவராஜா ஞாயிற்றுக்கிழமைகளில் பியர் குடிப்பது எல்லோருக்கும் தெரியும். அன்றே வேலை போயிற்று. அறையும் போயிற்று.

பிறகு புகைக்கூண்டைப் பார்க்க ஒருவர் வந்தார். துவாரத்திலிருந்து சாரத்தை இழுத்தெடுத்து, கோபமாக ஏதோ சொன்னார். அப்பாவுக்கு டொச் மொழி அரைகுறை. காற்று, ஆபத்து என்ற இரண்டு சொற்கள் விளங்கின. இது யாருடையது என்று தலைமைச் சமையல்காரர் கேட்டார்.

வேலை போனால் நாங்கள் கொழும்பிலேயே கிடக்க வேண்டும். "தவராஜா" என்றார் அப்பா.

திரும்ப வேலை கேட்டு தவராஜா வந்தபோது, சமையல்காரர் அந்தச் சாரத்தை அவர் நெஞ்சில் எறிந்தார். தவராஜா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஒரு தட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். தவராஜா சாரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த வேலை நிலைத்ததால்தான் நாங்கள் வந்து சேர்ந்தோம். நான் படித்ததும் அதனால்தான்.

எனக்குப் பட்டம் கிடைத்த வாரம் அப்பா கேட்டார்:

"காத்தை இழுக்கிற மெசின் ஓடுது. வெளிக்காத்து வாற வழியை அடைச்சாச்சு. பக்கத்தில கேஸில தண்ணி கொதிக்குது. என்ன நடக்கும்?"

பரீட்சையில் எழுதுவதுபோல் சொன்னேன். மெசின் எங்கிருந்தாவது காற்றை இழுக்கும். கொதிகலனின் புகைக்குழாய் வழியாகவும் இழுக்கும். மேலே போக வேண்டிய நச்சுவாயு அறைக்குள் திரும்பும். அதற்கு மணமில்லை. "கிட்ட நிக்கிற ஆளுக்குத் தலையிடிக்கும், சத்தி வரும், விழுவார். பாக்கிறவைக்குக் குடிச்ச ஆள் மாதிரி இருக்கும்."

அப்பா பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தவராஜா அன்று உண்மையிலேயே குடித்திருக்கலாம் என்ற நினைப்பை இத்தனை வருடமாகப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதை நான் பறித்துவிட்டேன்.

தவராஜா அப்போது வின்டர்தூரில் குடும்பமாக இருந்தார். ஞாயிறன்று அப்பாவைக் கூட்டிப் போனேன். சப்பாத்தைக் கழற்றாமலே அப்பா சொன்னார்:

"தம்பி, நீ அண்டைக்குக் குடிக்கேல்லை."

"அது எனக்குத் தெரியும் அண்ணை. உங்களுக்குத்தான் தெரியாமல் இருந்தது. உள்ள வாங்கோ."

அவர் மனைவி கலாவதி சிரிக்கவில்லை. தேத்தண்ணியை வைத்துவிட்டு நின்றார். "குடிச்சு விழுந்து வேலை போன ஆளெண்டு கேள்விப்பட்டு, என்ர தாய்வீட்டு ஆக்கள் ஒருத்தரும் எங்கட கலியாணத்துக்கு வரேல்லை. பேர்ணில இருக்கிற என்ர அண்ணரிட்ட நீங்களே ஒருக்காச் சொல்லுவியளோ?"

"ஓம்" என்றார் அப்பா.

சொல்லவில்லை. ஒருமுறை நானே அந்த அண்ணரின் தொலைபேசி எண்ணை அழுத்தி ரிசீவரை நீட்டினேன். அவர் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு நான் வற்புறுத்தவில்லை. நோய் வந்தது. அவர் போய்விட்டார்.

செத்தவீடு முடிந்த மறுநாள் கலாவதியின் அண்ணருக்கு நான் போன் எடுத்தேன். சாரம், துவாரம், வாயு, அப்பா சொன்ன பெயர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"எங்களைப் பெத்த ஐயா சாகுமட்டும் அவனைக் குடிகாரன் எண்டுதான் சொன்னவர்," என்றார் பிறகு. "கடைசியிலயும் தங்கச்சியின்ர முகத்தைப் பாக்கேல்லை. உங்கட அப்பாவுக்கு இதைச் சொல்ல ஒரு நாள் கிடைக்கேல்லையோ?"

கிடைத்தது என்றேன்.